நடுத்தர லேப்டாப்பில் எங்கே மிச்சம் பிடித்திருக்கிறார்கள்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 15.6 அங்குல ஃபுல் எச்டி ஆன்டி-கிளேர் திரை, இன்டெல் கோர் ஐ5-1335யு பிராசசர், 8 ஜிபி டிடிஆர்4 ரேம், 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 42 வாட் அவர் பேட்டரி, எடை 1.6 கிலோ. செய்யப்போவது அலுவலக வேலை, ஓயாமல் பிரவுசர், வீடியோ கால், அவ்வப்போது கொஞ்சம் போட்டோ எடிட்டிங். "பார்க்க எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. இதன் பலம் எது, பலவீனம் எது, நாலைந்து வருடம் ஓடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

விலை உச்சத்தில் இருக்கும் லேப்டாப்பில் பெரும்பாலும் எல்லாமே ஓரளவு நன்றாக இருக்கும். அடிமட்ட விலையில் எல்லாமே சுமார்தான் என்பது வாங்கும்போதே தெரியும். நடுவில் இருப்பதை எடைபோடுவதுதான் சிரமம். தயாரிப்பாளர் ஒரு செலவு வரம்பை வைத்துக்கொண்டு நாலு இடத்தில் தாராளம் காட்டி, நாலு இடத்தில் மிச்சம் பிடித்திருப்பார். தாராளம் காட்டிய நாலும் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருக்கும். மிச்சம் பிடித்ததைப் பற்றி எங்கேயும் மூச்சு விட மாட்டார்கள். அதனால் ஒரு விவரப் பட்டியலைப் படிக்கும்போது எழுதாமல் விட்டது என்ன என்று தேடுவதுதான் என் முதல் வேலை. உங்கள் பட்டியலில் திரையின் வெளிச்சம் எத்தனை நிட்ஸ் என்று இல்லை. நிறம் எத்தனை சதவீதம் என்று இல்லை. ரேம் ஒரே துண்டா, இரண்டா என்று இல்லை. இவை கைமறதியாக விடுபட்டவை என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது வேலை, மிச்சம் பிடித்த அந்த இடம் பின்னால் மாற்றக்கூடியதா என்று பார்ப்பது. எஸ்எஸ்டி, வைஃபை கார்டு, பேட்டரி, ஸ்லாட் இருந்தால் ரேம், இவற்றை ஒரு சின்னத் திருப்புளியோடு மாற்றிவிடலாம். திரை, பிராசசர், கூலிங், உடல், கீபோர்டு ஆகியவை வாங்கியது வாங்கியதுதான். இரண்டு வகைக் குறையையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்தால் தப்பான முடிவுக்குத்தான் போவோம்.

திரையிலிருந்து தொடங்குகிறேன். நடுத்தர மாடல்களில் அதிகம் கை வைக்கப்படும் இடம் இதுதான், நாள் முழுக்க நம் கண் பார்த்துக்கொண்டிருப்பதும் இதைத்தான். "ஃபுல் எச்டி" என்றால் 1920-க்கு 1080 புள்ளிகள். 15.6 அங்குலத்தில் அது அங்குலத்துக்குச் சுமார் 141 புள்ளி, எழுத்து படிக்கத் தாராளமாகப் போதும். "ஆன்டி-கிளேர்" என்றால் மேற்பரப்பு கண்ணாடி போலப் பளபளக்காது, அவ்வளவுதான். இந்த இரண்டு சொல்லும் திரை நல்லதா என்பதைச் சொல்வதே இல்லை. சொல்ல வேண்டியவை மூன்று: பேனல் எந்த வகை, வெளிச்சம் எவ்வளவு, நிறம் எவ்வளவு.

பேனல் ஐபிஎஸ் என்று எழுதியிருந்தால் நல்லது. எழுதாமல் இருந்தால் டிஎன் ஆக இருக்க வாய்ப்பு உண்டு. நேரில் பார்க்க முடிந்தால் கண்டுபிடிப்பது சுலபம். ஒரு மனித முகம் உள்ள படத்தைத் திறந்துவைத்து, மூடியை மெல்லப் பின்பக்கம் சாய்த்துக்கொண்டே போங்கள். டிஎன் பேனலில் ஒரு கட்டத்துக்கு மேல் நிழல் பகுதிகள் வெளுத்து, முகம் பழைய ஃபிலிம் நெகட்டிவ் மாதிரி ஆகிவிடும். ஐபிஎஸ் பேனலில் வெளிச்சம் கொஞ்சம் குறையும், முகம் முகமாகவே இருக்கும்.

நிறத்துக்கு வருவோம். சில மாடல்களின் விவரப் பட்டியலில் "45 சதவீதம் என்டிஎஸ்சி" என்று பார்த்திருப்பீர்கள். என்டிஎஸ்சி என்பது பழைய தொலைக்காட்சிக் காலத்து அளவுகோல். இணையப் படங்களும் வீடியோக்களும் பெரும்பாலும் எஸ்ஆர்ஜிபி என்ற நிற எல்லைக்குள் தயாராகின்றன. 72 சதவீதம் என்டிஎஸ்சி என்றால் ஏறக்குறைய முழு எஸ்ஆர்ஜிபி. 45 என்றால் அதில் அறுபது சொச்சம் சதவீதம்தான். சிவப்பு செங்கல் நிறத்துக்கு இறங்கிவிடும், பச்சை சோர்ந்துபோகும். கணக்கு எழுதவும் மெயில் பார்க்கவும் இது ஒரு குறையே இல்லை. போட்டோ திருத்துபவருக்கு வேறு கதை. இந்தத் திரையில் சரியாகத் தெரியும்வரை சிவப்பைக் கூட்டிக்கொண்டே போவீர்கள், அதே படம் போனுக்குப் போனதும் கண்ணைக் குத்தும். நீங்கள் போட்டோ எடிட்டிங் என்று சொன்னதால்தான் இதை இவ்வளவு நீட்டுகிறேன்.

வெளிச்சம் 250 நிட்ஸ் என்றால் அறைக்குள் வேலை நடக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் எப்போதும் முழு வெளிச்சத்தில் வைக்க வேண்டிவரும், அப்புறம் பேட்டரியும் வேகமாகக் கரையும். 300 இருந்தால் நிம்மதி. 400 என்றால் பகல் வெளிச்சத்திலும் சமாளிக்கலாம். சில நடுத்தர மாடல்களில் இப்போது 1920-க்கு 1200 என்ற உயரமான திரை வருகிறது. கூடுதலாகக் கிடைக்கும் 120 வரிப் புள்ளிகளில் எக்செல்லில் ஐந்தாறு வரிசை அதிகமாகத் தெரியும். நாள் முழுக்க ஆவணங்களோடு மல்லுக்கட்டுபவர்கள் இதைக் கேட்டு வாங்கலாம்.

ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரையும் நடுத்தர விலைக்கு இறங்கி வந்துவிட்டது. கருப்பு நிஜக் கருப்பாக இருக்கும், நிறத்தில் குறையே சொல்ல முடியாது. ஆனால் பல ஓஎல்இடி பேனல்கள் வெளிச்சத்தைக் குறைப்பதற்காகத் திரையை வேகமாக அணைத்து அணைத்து எரியவைக்கின்றன. அது கண்ணுக்கு நேரடியாகத் தெரியாது, ஆனால் சிலருக்குத் தலைவலி தரும். வெள்ளைப் பக்கங்களையே பார்த்துக்கொண்டிருந்தால் மின்சாரமும் அதிகம் குடிக்கும். அசையாமல் நிற்கும் டாஸ்க்பார் போன்றவை பல வருடத்தில் திரையில் தடம் பதிக்கும் ஆபத்தும் உண்டு. படம் பார்ப்பவருக்கு ஓஎல்இடி, பத்து மணி நேரம் எக்செல் பார்ப்பவருக்கு நல்ல ஐபிஎஸ். என் கணக்கு இதுதான்.

பிராசசர் விஷயத்தில் மக்கள் "ஐ5-ஆ, ஐ7-ஆ" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த எண்ணை விடக் கடைசியில் நிற்கும் ஒற்றை எழுத்து அதிகம் பேசும். உங்களுடையது 1335யு. அதே தலைமுறையில் 13420எச் என்று இன்னொரு ஐ5 உண்டு. இரண்டின் உச்ச வேகமும் 4.6 கிகாஹெர்ட்ஸ். கோர் என்பது பிராசசருக்குள் தனித்தனியாகக் கணக்குப்போடும் பகுதி. யு-வில் 10 கோர், எச்-சில் 8 கோர். பட்டியலை மட்டும் பார்த்தால் யு-தான் பலசாலி என்று தோன்றும். பிரித்துப் பார்த்தால் யு-வில் முழு வலிமையுள்ள கோர் இரண்டுதான், மீதி எட்டும் மின்சாரம் மிச்சப்படுத்தும் சிறிய கோர்கள். எச்-சில் பெரிய கோர் நாலு, சிறியது நாலு. யு-வின் அடிப்படை மின் அளவு 15 வாட், எச்-சுக்கு 45 வாட். நீண்ட நேரம் கணக்குப்போடும் வேலை என்றால் எச் முந்திவிடும். ஆனால் கிராஃபிக்ஸில் நிலைமை தலைகீழ்: யு-வில் 80 செயல் அலகு கொண்ட ஐரிஸ் எக்ஸ்இ என்ற உள்ளிணைந்த கிராஃபிக்ஸ் இருக்கிறது, 13420எச்-சில் 48 அலகு மட்டுமே. பேட்டரியிலும் பொதுவாக யு அதிக நேரம் தாக்குப்பிடிக்கும். நீங்கள் சொன்ன வேலைக்கு 1335யு சரியான தேர்வு. உங்கள் லேப்டாப்பின் பலம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

ஏஎம்டி பக்கம் போனால் இன்னும் கவனம் வேண்டும். ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு என்று இரண்டு உண்டு. எழுத்தில் ஒரே ஒரு இலக்கம்தான் வித்தியாசம். அந்த மூன்றாவது இலக்கம் உள்ளே இருக்கும் வடிவமைப்பின் வயதைச் சொல்கிறது. ஏஎம்டி தன் வடிவமைப்புகளுக்கு ஜென் என்று பெயர் வைத்திருக்கிறது. 2 என்றால் ஜென் 2, 3 என்றால் ஜென் 3 வகை, 4 என்றால் ஜென் 4. முதலில் சொன்னதில் 4 கோர், அதன் மூல வடிவமைப்பு 2019-இல் வெளிவந்தது. இரண்டாவதில் 6 கோர். முன்னால் இருக்கும் 7 என்ற எண் விற்பனை ஆண்டின் அடையாளம், புதியது என்ற எண்ணத்தை அதுதான் உண்டாக்குகிறது. இப்படிப் பெயர் வைத்தவர்கள் வாங்குபவரை மனதில் வைத்து யோசித்திருப்பார்கள் என்று நம்புவது கஷ்டம்.

அடுத்தது ரேம். 8 ஜிபி ஒரே துண்டாக இருந்தால் இரண்டு அடி விழும். முதலாவது எல்லோருக்கும் தெரிந்தது. விண்டோஸ் 11, இருபது டேப் திறந்த பிரவுசர், ஒரு வீடியோ கால், இதற்குள் 8 ஜிபி நிரம்பிவிடும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் கிராஃபிக்ஸும் அதே ரேமிலிருந்துதான் பங்கு எடுத்துக்கொள்ளும். நிரம்பியதும் விண்டோஸ் எஸ்எஸ்டியை ரேமாகப் பயன்படுத்த ஆரம்பிக்கும், ஒவ்வொரு டேப் மாறும்போதும் ஒரு சின்னத் தயக்கம் தெரியும்.

இரண்டாவது அடி அதிகம் பேசப்படாதது. டிடிஆர்4-3200 ரேம் ஒரு சேனலில் நொடிக்கு 25.6 ஜிபி தரவைக் கடத்தும். இரண்டு துண்டு போட்டால் இரண்டு சேனலும் திறந்து அது 51.2 ஆகும். பிராசசரோடு சேர்ந்த கிராஃபிக்ஸ் இந்தப் பாதையை நம்பித்தான் இருக்கிறது. இன்டெல் ஐரிஸ் எக்ஸ்இ என்ற பெயரையே இரண்டு சேனல் இருந்தால்தான் தரும். ஒற்றைத் துண்டு ரேமோடு இதே 1335யு-வைத் திறந்து டிவைஸ் மேனேஜரில் பார்த்தால் "யுஎச்டி கிராஃபிக்ஸ்" என்றுதான் காட்டும். சொந்தக்காரப் பையன் ஒருவன், "பெட்டியில் ஐரிஸ் என்று போட்டிருக்கிறது, உள்ளே யுஎச்டி என்கிறது, ஏமாற்றிவிட்டார்கள் மாமா" என்று கொதித்துக்கொண்டு வந்தான். காலியாக இருந்த ஸ்லாட்டில் இன்னொரு 8 ஜிபி துண்டைச் செருகி மறுபடி ஆன் செய்ததும் பெயர் மாறிவிட்டது. அவன் விளையாடும் விளையாட்டும் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குச் சீராக ஓடியது.

ஆகவே வாங்குவதற்கு முன் உறுதி செய்ய வேண்டியது காலி ஸ்லாட் இருக்கிறதா என்பது. நேரில் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியை அழுத்துங்கள். இரண்டில் ஒரு ஸ்லாட் பயன்பாட்டில் இருக்கிறது என்று காட்டினால் நல்ல செய்தி. பக்கத்திலேயே "ஃபார்ம் ஃபேக்டர்" என்று ஒரு வரி இருக்கும். அங்கே "சோடிம்" என்று இருந்தால் கழற்றி மாட்டக்கூடிய துண்டு. "ரோ ஆஃப் சிப்ஸ்" என்று இருந்தால் மதர்போர்டிலேயே பற்றவைத்துவிட்டார்கள். எல்பிடிடிஆர் என்று தொடங்கும் ரேமும் பெரும்பாலும் பற்றவைத்ததுதான். அதில் வேகம் நன்றாகவே இருக்கும், அளவை மட்டும் பின்னால் கூட்ட முடியாது. பற்றவைத்த 8 ஜிபி, ஸ்லாட்டும் இல்லை என்றால் அந்த லேப்டாப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன், மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி. பற்றவைத்த 16 ஜிபி என்றால் கவலையில்லை.

சூடு விஷயம் எந்தப் பட்டியலிலும் வராது, ஒரே பிராசசர் இரண்டு லேப்டாப்பில் இரண்டு விதமாக ஓடுவதற்கு அதுதான் பெரும்பாலும் காரணம். 1335யு-வின் அடிப்படை 15 வாட் என்றேன், குறுகிய நேரத்துக்கு அது 55 வாட் வரை போகலாம். எவ்வளவு நேரம் அப்படிப் போகவிடுவது, அதற்குப் பிறகு எத்தனை வாட்டில் நிறுத்துவது என்பதை லேப்டாப் செய்பவர் தீர்மானிக்கிறார். ஒற்றை வெப்பக்குழாயும் ஒரு குட்டி ஃபேனும் வைத்தவர் சீக்கிரமே குறைத்துவிடுவார். முதல் அரை நிமிடம் பறக்கும், அப்புறம் மூச்சு வாங்கும். கடையில் தொட்டுப் பார்ப்பவருக்கும், ஒரே ஒரு முறை சோதனை ஓட்டி மதிப்பெண் போடுபவருக்கும் அந்த முதல் அரை நிமிடம் மட்டும்தான் கண்ணில் படும். பிராசசரின் வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் போன்ற சோதனையைப் பத்து நிமிடம் விடாமல் ஓட்டி, முதல் சுற்றையும் கடைசிச் சுற்றையும் ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். கடைசிச் சுற்றில் பத்து சதவீதம் குறைந்தால் நல்ல கூலிங். நாற்பது குறைந்தால் நீங்கள் காசு கொடுத்த பிராசசர் உங்களுக்கு முழுசாகக் கிடைக்கவில்லை.

அந்தப் பத்து நிமிடத்தில் கையையும் காதையும் பயன்படுத்துங்கள். கீபோர்டின் நடுப்பகுதி, குறிப்பாக மேல் வரிசை எவ்வளவு சுடுகிறது? உள்ளங்கை வைக்கும் இடம் சுடுகிறதா? மேல் வரிசை வெதுவெதுப்பது இயல்பு, உள்ளங்கை வைக்கும் இடம் சுட்டால் வடிவமைப்பில் கோளாறு. ஃபேன் சத்தம் ஒரே சீராக இருந்தால் பழகிவிடும், விட்டு விட்டுக் கீச்சென்று ஏறி இறங்கினால் பழகவே பழகாது. காற்று உள்ளே போகும் வழி அடிப்பக்கம் இருந்தால் மெத்தையில் வைத்துப் பயன்படுத்தும் பழக்கத்தை விட்டுவிட வேண்டியதுதான்.

பேட்டரிக்கு "10 மணி நேரம்" என்று போட்டிருப்பதை மறந்துவிடுங்கள். பெரும்பாலும் திரை வெளிச்சத்தைக் குறைத்து, ஒரு வீடியோவை ஓடவிட்டு எடுத்த கணக்கு அது, வீடியோ ஓட்டுவது இன்றைய பிராசசருக்கு மிகக் குறைந்த மின்சாரத்தில் முடிகிற வேலை. பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் வாட் அவர் எண்ணை எடுத்து நீங்களே வகுத்துப் பாருங்கள். பிரவுசரும் ஆவணமுமாக வேலை செய்தால் இந்த ரக லேப்டாப் சராசரியாக 8 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். 42-ஐ 8-ஆல் வகுத்தால் ஐந்தேகால் மணி நேரம். வீடியோ காலில் அது இன்னும் குறையும். லித்தியம் பேட்டரி நாளாக நாளாகத் தேயும், இருபது சதவீதம் தேய்ந்தபின் அதே வேலைக்கு நாலு மணி நேரம்தான் மிஞ்சும். 15.6 அங்குல உடலில் 42 வாட் அவர் என்பது கை வைத்த இடம். திறந்து பார்த்தால் பேட்டரியின் பக்கத்தில் காலி இடமே பார்க்கலாம். 55, 60 இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேசையிலேயே வைத்துப் பயன்படுத்துபவர் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. எப்போதும் சார்ஜரில் இருப்பதானால் 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்து ஆன் செய்து வையுங்கள், பேட்டரியின் ஆயுள் நீளும்.

எஸ்எஸ்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மாடல் பெயர் போடாத எஸ்எஸ்டி பெரும்பாலும் க்யூஎல்சி என்ற மலிவான நினைவக வகையாக இருக்கும். சிறிய கோப்புகளில் வேகமாக இருக்கும், 100 ஜிபி ஒரே மூச்சில் நகலெடுத்தால் நடுவில் படுத்துவிடும். அன்றாட வேலையில் அது தெரியாது. மாற்றவும் முடியும். விண்டோஸில் 476 ஜிபி என்று காட்டினால் பதற வேண்டாம், 512-ஐக் கணக்கிடும் முறை வேறு, எதுவும் குறையவில்லை.

உடலுக்கு வருகிறேன். நாலைந்து வருடம் ஓடுமா என்ற கேள்விக்கு விடை பிராசசரை விடக் கீலில்தான் இருக்கிறது. பழுதுக்கு வரும் நடுத்தர லேப்டாப்புகளில் மூலை உடைந்து, மூடியைத் திறந்தால் உள்விளிம்பு பிளந்து நிற்பவற்றை எத்தனையோ பார்த்திருக்கிறேன். நடப்பது இதுதான். கீல் உலோகம். அதை உடலோடு பிடித்திருக்கும் திருகுகள் இறங்குவது பிளாஸ்டிக்கில் புதைத்த சின்னப் பித்தளைக் குமிழ்களில். கீல் விறைப்பாக இருக்க, மூடியை ஒரு மூலையைப் பிடித்தே தினமும் திறந்தால் முழுப் பளுவும் ஒரு பக்கத்துக் குமிழ்களில் விழும். ஒருநாள் பித்தளை பிளாஸ்டிக்கோடு பெயர்ந்து வந்துவிடும். வாங்கும்போது மூடியை நடுவில் ஒற்றை விரலால் தூக்கிப் பாருங்கள். அடிப்பாகமும் மேசையிலிருந்து எழும்பி வருகிறதா? திறக்கும்போது கீலுக்குப் பக்கத்து பிளாஸ்டிக் லேசாகப் பிரிந்து மூடுகிறதா? முன்மூலையைப் பிடித்துத் தூக்கினால் நறநறவென்று சத்தம் வருகிறதா? இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் நான் யோசிப்பேன். மூடி மட்டும் அலுமினியம் என்று விளம்பரம் செய்திருந்தால் அதை வைத்து முழு உடலையும் எடைபோட்டுவிடாதீர்கள். கீல் திருகு இறங்கும் இடம் எது என்பதுதான் முக்கியம், அது பெரும்பாலும் கீழ்ப்பகுதியின் பிளாஸ்டிக்.

கீபோர்டின் நடுவில் இரண்டு விரலால் அழுத்தினால் குழிந்தால் தட்டச்சு செய்ய நன்றாக இருக்காது. அம்புக்குறி விசைகளும் வலது ஷிப்டும் சுருங்கிப்போயிருக்கின்றனவா என்று பாருங்கள். ஒலிப்பெயர்ப்பு முறையில் தமிழ் அடிப்பவர்களுக்கு ண, ள, ற ஒவ்வொன்றுக்கும் ஷிப்ட் வேண்டியிருக்கிறது, சுருங்கிய ஷிப்டோடு ஒரு பக்கம் அடித்துப் பார்த்தால் தெரியும் வேதனை. டெலிட் விசைக்குப் பக்கத்தில் பவர் பட்டனை வைக்கும் வழக்கத்தை யார் தொடங்கினார்களோ, அவர்கள் கண்டிப்பாக அதில் தட்டச்சு செய்திருக்க மாட்டார்கள்.

போர்ட்களில் யுஎஸ்பி-சி ஒன்றுதான் ஏமாற்றும். ஒரே வடிவத் துளையில் மூன்று வேலை நடக்கலாம்: தரவு, வெளித்திரைக்குப் படம், சார்ஜ். மலிவான மாடல்களில் தரவு மட்டும் இருக்கும். துளையின் பக்கத்தில் இருக்கும் சின்னத்தைப் பாருங்கள், இல்லையென்றால் தயாரிப்பாளரின் முழு விவரப் பக்கத்தில் "பவர் டெலிவரி", "டிஸ்ப்ளேபோர்ட்" என்ற சொற்களைத் தேடுங்கள். சார்ஜும் ஆகும் என்றால் பெரிய பலம். சார்ஜர் தொலைந்தாலும், அதன் ஊசித் துளை ஆட்டம் கண்டாலும் மாற்று வழி இருக்கும். எச்டிஎம்ஐ 1.4 என்று போட்டிருந்தால் 4கே வெளித்திரையில் நொடிக்கு 30 படம்தான் வரும், மவுஸ் இழுவையாக நகரும். ஃபுல் எச்டி வெளித்திரைக்கு அது பிரச்சினையே இல்லை. வைஃபை 5 வகையில் ஒற்றை ஆன்டெனா கார்டு போட்டிருந்தால் இணைப்பு வேகம் பெரும்பாலும் 433 எம்பிபிஎஸ் என்று காட்டும். அது மாற்றக்கூடிய குறைதான்.

தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள மாடலை யாராவது பரிந்துரைத்தால் இதைக் கவனியுங்கள். ஆர்டிஎக்ஸ் 4050 என்ற ஒரே பெயரில் 35 வாட்டில் ஓடுவதும் உண்டு, 115 வாட்டில் ஓடுவதும் உண்டு. மெல்லிய உடலில் குறைந்த வாட்டில் அடைபட்ட 4050-ஐ விட, நல்ல கூலிங்கோடு முழு வாட்டில் ஓடும் கீழ்நிலைக் கார்டு சில சமயம் மேல். எத்தனை வாட் என்று போடவில்லை என்றால் குறைவு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலைக்கு இது எதுவும் தேவையில்லை. "ஏஐ" ஸ்டிக்கரும் அப்படித்தான். மைக்ரோசாஃப்ட் 2024-இல் கொண்டுவந்த கோபைலட் பிளஸ் என்ற விண்டோஸ் ஏஐ வசதிகளுக்கு 40 டாப்ஸ் (நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்கு) திறனுள்ள தனிப் பகுதி பிராசசரில் வேண்டும். ஏஐ ஸ்டிக்கர் ஒட்டிய பல மாடல்கள் அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட இல்லை.

விமர்சன வீடியோ பார்ப்பதானால் ஒரு எச்சரிக்கை. ஒரே மாடல் பெயரில் பல உட்பிரிவு இருக்கும். விமர்சகர் கைக்குப் போனதில் 16 ஜிபி ரேம், முழு எஸ்ஆர்ஜிபி திரை. உங்களுக்கு வருவதில் 8 ஜிபி, 45 சதவீதத் திரை. பெயருக்குப் பின்னால் வரும் நீண்ட தயாரிப்பு எண்ணை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வாங்கியவர்களின் கருத்துகளில் ஐந்து நட்சத்திரமும் ஒற்றை நட்சத்திரமும் எனக்குப் பயன்பட்டதில்லை. ஒன்று பெட்டியைப் பிரித்த மகிழ்ச்சி, இன்னொன்று டெலிவரிச் சண்டை. பல மாதம் பயன்படுத்திவிட்டு மூன்று நட்சத்திரம் போட்டவர்களைத் தேடிப் படிக்கலாம்.

சரி, உங்கள் லேப்டாப்பைப் பற்றி என் தீர்ப்பு. பிராசசர் நல்லது, எடையும் பரவாயில்லை. ரேம் குறைவு, காலி ஸ்லாட் இருந்தால் அது இன்னொரு துண்டோடு தீரும். பேட்டரி சுமார், மேசையில் வைத்தே வேலை என்றால் விட்டுவிடலாம். திரைதான் கேள்வி. 45 சதவீதம் என்று உறுதியானால், போட்டோ எடிட்டிங் நிஜமாகவே உங்களுக்கு முக்கியம் என்றால், இதே பிராசசரோடு முழு எஸ்ஆர்ஜிபி ஐபிஎஸ் திரை உள்ள வேறு மாடலைத் தேடுங்கள், எஸ்எஸ்டி 256 ஜிபியாகக் குறைந்தாலும் பரவாயில்லை. ஏற்கெனவே வீட்டில் நல்ல வெளித்திரை இருக்கிறது என்றால் இதையே வாங்கலாம்.

வாங்கியபின் திருப்பித் தரும் காலம் முடிவதற்குள் சில வேலைகளை முடித்துவிடுங்கள். முழு வெள்ளை, முழுக் கருப்புப் படங்களைத் திரை முழுக்க வைத்து, செத்த புள்ளியும் ஓரத்தில் வெளிச்சக் கசிவும் இருக்கின்றனவா என்று இருட்டறையில் பாருங்கள். கமாண்ட் பிராம்ப்டில் powercfg /batteryreport என்று தட்டினால் பேட்டரி பற்றிய ஒரு பக்கம் தயாராகும். அதில் வடிவமைப்புக் கொள்ளளவும் இப்போதைய முழுச் சார்ஜ் கொள்ளளவும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும், பெரிய இடைவெளி இருந்தால் அது காட்சிக்கு வைத்திருந்த பழைய பெட்டியாக இருக்கலாம். பத்து நிமிடச் சோதனை ஓட்டம், ஒவ்வொரு போர்ட்டிலும் ஏதாவது செருகிப் பார்ப்பது, ஒவ்வொரு விசையையும் ஒரு முறை தட்டுவது, இவையும் அந்தக் காலத்துக்குள்தான்.

ரேம் போட அடிமூடியைத் திறப்பதற்கு முன் இன்னொன்று. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு விண்டோஸ் 11-ஐ அமைத்தால் பல லேப்டாப்புகளில் டிஸ்க் தானாகவே பூட்டுப் போட்டுக்கொள்கிறது. பயாஸ் அப்டேட்டுக்கோ மதர்போர்டு மாற்றத்துக்கோ பிறகு அது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கலாம். உங்கள் கணக்கில் உள்நுழைந்து அந்த எண்ணை எடுத்து, லேப்டாப்புக்கு வெளியே எங்காவது எழுதி வைத்துவிட்டுத் திருப்புளியைக் கையில் எடுங்கள்.